கடல் ஒரு மைல் தொலைவில், கரையோர வலயம் வேலிக்கு உள்ளே

நான்கு கிழமை விடுமுறையில் கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்து வடமராட்சிக்குப் போயிருந்தபோது, தொண்டைமானாற்று நீரேரியை அண்டிய அம்மாவின் சீதனக் காணியில் வீடு கட்டுவதற்கான அனுமதிகளைப் பெறுவதே என் முதல் வேலையாக இருந்தது. கடல் ஒரு மைலுக்கு அப்பால் இருப்பதால் கரையோரச் சட்டம் எங்களுக்குப் பொருந்தாது என்று நம்பியிருந்தோம். முதலில் ஏறிய அலுவலகத்திலும் அப்படியே சொல்லி அனுப்பினார்கள். அந்தச் சொல்லை நம்பி, நீரேரியைப் பார்த்த விறாந்தையோடு வீட்டுப்படமும் கீறுவித்துவிட்டோம்.

இலங்கையின் 1981 ஆம் ஆண்டின் 57 ஆம் இலக்கக் கரையோரம் பேணல் சட்டம், சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து தரைப்பக்கமாக 300 மீற்றரையும் சராசரி தாழ்நீர் மட்டத்திலிருந்து கடற்பக்கமாக 2 கிலோமீற்றரையும் கரையோர வலயமாக வகுத்தது. 2011 இல் வந்த திருத்தமோ, கடலோடு தொடுப்புள்ள நீரேரிகளின் ஓரமாக உள்நோக்கி 100 மீற்றரையும் அதனுள் சேர்த்துக்கொண்டது. அந்த எல்லைக்குள் அத்திவாரம் வெட்டுவதற்கு முன்னரே கரையோரம் பேணல் அனுமதிப்பத்திரம் பெற்றாக வேண்டும்.

இதை விளங்கப்படுத்தியவர், இடம் பார்க்க வந்த இளம் உத்தியோகத்தர் ஒருவர். அளவு நாடாவின் ஒரு முனையைக் கண்டல் பற்றையருகே என்னைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, மறு முனையோடு நாயுருவி மண்டிய வளவுக்குள் நடந்தார். இரண்டு முறை நீட்டி அளந்தபோது, 100 மீற்றர் எங்கள் கிணற்றையும் தாண்டிப் போனது. "கடல் தூரம்தான் ஐயா, ஆனால் கடல்தண்ணி உங்கட வேலிக்குப் பின்னால வந்து போகுதே" என்றார்.

குடாநாட்டின் சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கும் மழைநீர் உவர்நீரின்மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. கரையை ஒட்டி மலகூடக் குழி வெட்டினால் கழிவு நீரேரிக்கும் போகும், அயலவர் குடிக்கும் கிணறுகளுக்கும் போகும். ஆகவே இந்த விதியை நான் முழுமனதோடு ஏற்கிறேன். வலயத்தின் எல்லையைக் காட்டும் வரைபடம் ஒன்று காணி அலுவலுக்கு வருவோரின் கண்ணில் படும்படி சுவரில் தொங்கியிருந்தால், எங்களைப் போன்றவர்கள் படத்துக்குக் காசைக் கட்டிவிட்டுத் திரும்ப நேராது. வெளிநாட்டிலிருந்து தொலைபேசியிலேயே வீடு கட்டுவிப்போர் பெருகிய ஊரில் அது அவசரத் தேவை.

விறாந்தையை விட்டுவிட்டு, வீட்டைத் தெருப்பக்கம் நகர்த்திப் புதிய படத்தோடு விண்ணப்பித்தோம். நான் விமானம் ஏறும்வரை பதில் வரவில்லை. தம்பி அந்த 100 மீற்றர் முடிந்த இடத்தில் பனைமட்டை ஒன்றை நட்டு வைத்திருக்கிறார்.