ஊரடங்குக் காலத்தில் தம்பதியருக்கான காணொளி ஆலோசனை: ஒரு மதிப்பீடு

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியபோது 21 நாள் என்றுதான் அறிவித்தார்கள். ஜூன் 19 முதல் சென்னையில் மீண்டும் முழு ஊரடங்கு வந்த வேளையில், ஒரே படுக்கையறை கொண்ட எங்கள் வீட்டில் நானும் கணவரும் மாமியாரும் அடைந்து கிடந்தோம். அலுவலகம், மின்சார ரயில், கடற்கரை, கோயில் என்று ஒருவரை விட்டு ஒருவர் சற்று விலகியிருக்க வாய்த்த இடங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மூடப்பட்டுவிட்டதால், முன்பு மாலைக்குள் மறந்துபோகும் உரசல்கள் நாள்கணக்கில் நீண்டன. அப்போதுதான் தம்பதியருக்குக் காணொளி வழியாக ஆலோசனை வழங்கும் செயலி ஒன்றில் மூன்று மாதச் சந்தா கட்டினோம். அதன் பெயரைத் தவிர்க்கிறேன். இத்தகைய சேவையை நாடுவோர் எதைக் கவனிக்க வேண்டும் என்பதே இங்கு முக்கியம்.

50 நிமிட அமர்வுக்கு 900 ரூபாய். இணையம் துண்டிக்கப்பட்டால் மீதி நேரம் போனதுதான். தமிழில் பேசும் ஆலோசகரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றாலும் பதிவுப் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில் இருக்கிறது. எங்களுக்கு அமைந்தவர் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு பெற்ற மருத்துவ உளவியலாளர். ஆலோசகர் என்ற பெயரில் வருவோர் அனைவரும் அத்தகைய தகுதி பெற்றவர்கள் அல்லர் என்பதால், பணம் கட்டுவதற்கு முன் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

பழைய மனத்தாங்கல்களைக் கிளறுவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவரோ வீட்டின் வரைபடத்தைத் தாளில் வரைந்து, காலை ஒன்பது முதல் மாலை ஆறு வரை யார் எங்கே இருக்கிறீர்கள் என்று குறிக்கச் சொன்னார். கதவுள்ள ஒரே அறை நாள் முழுவதும் கணவரின் அலுவலகக் கூட்டங்களுக்குப் போயிருந்ததும், பள்ளி ஆசிரியையான நான் குக்கர் விசிலுக்கும் மிக்ஸி ஓசைக்கும் நடுவே சமையலறை மேடையில் கைப்பேசியைச் சாய்த்து வைத்து ஏழாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தியதும், மாமியார் தொலைக்காட்சியின் ஒலியைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் அதைப் போடுவதையே நிறுத்திவிட்டதும் அந்தத் தாளில் அப்பட்டமாகத் தெரிந்தன. பதினொன்றரை மணி வரை அறை எனக்கு, அதன் பிறகு கணவருக்கு என்று அந்த அமர்விலேயே முடிவாயிற்று. அன்பு குறைந்துவிட்டதாக நான் எண்ணியிருந்ததில் பாதி, உண்மையில் இடம் குறைந்ததன் விளைவு. கட்டிய பணத்துக்கு இந்த ஒரு அமர்வே ஈடு என்பேன்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. திட்டத்தில் இருவருக்கும் தனித்தனி அமர்வுகள் உண்டு. ஆனால் வீட்டைவிட்டு வெளியேற முடியாதவர்கள் அந்தத் தனிமைக்கு எங்கே போவார்கள் என்பதை இதை வடிவமைத்தவர்கள் யோசிக்கவேயில்லை. நான் மொட்டை மாடித் தண்ணீர்த்தொட்டியின் நிழலில் உட்கார்ந்து பேசினேன். அங்கும் துணி உலர்த்த வருபவர்களுக்காகப் பேச்சைப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. இதைவிடக் கடுமையான பிழை, வீட்டில் அடி உதை உண்டா என்ற கேள்வியைக் கணவன் மனைவி இருவரும் சேர்ந்திருக்கும் முதல் அமர்விலேயே கேட்பது. எங்களுக்கு அது சங்கடத்தோடு போயிற்று. அடி வாங்கும் பெண், அடிப்பவர் பக்கத்தில் இருக்கும்போது என்ன பதில் சொல்ல முடியும்? அழைத்துப் பேச முடியாத பெண்களுக்காகத் தேசிய மகளிர் ஆணையம் 2020 ஏப்ரல் 10 அன்றே வாட்ஸ்அப் எண் ஒன்றைத் தொடங்கியிருந்தது. அரசு அமைப்புக்கு எட்டிய இந்தச் சூழல், கட்டணம் வாங்கும் ஒரு செயலிக்கு எட்டவில்லை. அத்தகைய நிலையில் உள்ளவர்கள் இந்தச் சேவையை நாடவே வேண்டாம். தமிழ்நாட்டில் 181 மகளிர் உதவி எண் இருக்கிறது.

ஓசையின்றி எழுத்து வழியாக உரையாடும் அரட்டை வசதியும் செயலியில் உண்டு. ஆனால் அது விலை கூடிய சந்தாவில் மட்டுமே கிடைக்கிறது. அதைத் தனியாகத் தர முடியுமா என்று கேட்டதற்கு நிறுவனத்திடமிருந்து பதில் வரவில்லை. மூன்று மாதம் முடிந்ததும் நாங்கள் சந்தாவைப் புதுப்பிக்கவில்லை.