வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க: காணொளியா, தொலைதூரப் பட்டமா, நாலு பேர் கூடும் குழுவா?

கல்லூரி முடித்துப் பல வருடம் கழித்துப் புதிதாக ஒன்றைப் படிக்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றைத்தான் தேடிப் போகிறார்கள். புள்ளியியல் கற்றுக்கொள்வதற்காக நான் மூன்றிலுமே நுழைந்து பார்த்தேன், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

காணொளிப் பாடத்தின் வசதிக்கு ஈடு கிடையாது. 2012-ல் கோர்செரா, எடெக்ஸ் என்ற இணையப் பாடத் தளங்கள் இரண்டும் வந்தபிறகு பெரிய பல்கலைக்கழகப் பேராசிரியரின் வகுப்பை இரவு பதினொரு மணிக்கு, வேண்டிய இடத்தில் நிறுத்தி நிறுத்திக் கேட்க முடிகிறது. ஆனால் முடிப்பவர்கள் மிகக் குறைவு. ஹார்வர்டும் எம்ஐடியும் எடெக்ஸில் நடத்திய பாடங்களை அலசி 2019-ல் சயின்ஸ் இதழில் வந்த கட்டுரைப்படி, 2017-18-ல் சேர்ந்தவர்களில் முடித்தவர்கள் சுமார் 3 சதவீதம். பணம் கட்டிச் சான்றிதழுக்குப் பதிவு செய்தவர்களில் 46 சதவீதம். சும்மா எட்டிப் பார்க்கச் சேர்கிறவர்களும் நிறைய என்பதால் அந்த 3-ஐ மட்டும் வைத்து இதை மோசம் என்று சொல்ல மாட்டேன்.

என்னுடைய குறை வேறு. காணொளி பார்க்கும்போது எல்லாமே புரிந்த மாதிரி இருக்கிறது. திட்ட விலக்கம், அதாவது எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்பதன் அளவு, கணக்கிடும் பாடத்தை இரண்டு முறை பார்த்துத் தலையாட்டியிருந்தேன். அப்புறம் எங்கள் குழுவில் ஒருவர், "மாதிரியாக (sample) எடுத்ததில் ஐந்து எண் இருந்தால், விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி ஐந்தால்தானே வகுக்க வேண்டும், ஏன் நாலால் வகுக்கிறோம்?" என்று கேட்டார். எனக்கு வாயே திறக்கவில்லை. காகிதத்தில் 2, 4, 6, 8, 10 என்று எழுதினோம்; சராசரி 6, விலகல்கள் -4, -2, 0, 2, 4. கூட்டினால் பூஜ்யம். எந்த எண்களை எடுத்தாலும் பூஜ்யம்தான் வரும் என்பதால் நாலு விலகல் தெரிந்தாலே ஐந்தாவது தானாக முடிவாகிவிடுகிறது, அப்படியானால் சுதந்திரமாக இருப்பவை நாலுதான். முழு நிரூபணம் இதைவிட நீளம், ஆனாலும் அந்த முக்கால் மணி நேரம் இன்றுவரை மறக்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களிடம் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ, படித்ததைப் பார்க்காமல் எழுதிப் பார்த்தவர்களுக்கு 56 சதவீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்தவர்களுக்கு 42. குழுவில் யாராவது கேள்வி கேட்கும்போது நடப்பதும் இந்தப் பார்க்காமல் சொல்லும் வேலைதான்.

தொலைதூரப் பட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பதவி உயர்வுக்கோ வேலை மாற்றத்துக்கோ பட்டம் கட்டாயம் என்றால் வேறு வழியில்லை, தயங்காமல் சேருங்கள். பிரிட்டனில் 1969-ல் தொடங்கிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம், முன்தகுதி கேட்காமலே சேர்த்துக்கொண்டு, வேலை பார்ப்பவர்களையும் பட்டதாரிகளாக்க முடியும் என்று எப்போதோ காட்டிவிட்டது. கெடு தேதி இருப்பதும் நல்லதுதான். எனக்கு ஒத்துவராதது ஒன்றுதான்: கடைசி மாதத்தில் தேர்வுக்காக மட்டுமே படித்தேன்.

குழுவிலும் சிக்கல் இல்லாமல் இல்லை. இரண்டு பேர் தொடர்ந்து வராவிட்டால் கலைந்துவிடும், எல்லோரும் சேர்ந்து தப்பாகப் புரிந்துகொண்டால் திருத்த ஆள் இருக்காது, சான்றிதழும் கிடைக்காது. ஆனாலும் அறிவுக்காகப் படிக்கிறவருக்கு என் ஓட்டு குழுவுக்குத்தான். பாடத்துக்குக் காணொளி, உரசிப் பார்க்கக் குழு. நாங்கள் ஐந்து பேர், வாரம் ஒரு பாடத்தை அவரவர் வீட்டில் பார்த்துவிட்டு வருகிறோம்; கூடும்போது நோட்டை மூடி வைத்துவிட்டு ஒருவர் விளக்க, மற்றவர்கள் கேள்வி கேட்கிறோம். விடை தெரியாத கேள்வியை மட்டும் தனியாக எழுதி, விஷயம் தெரிந்த ஒருவரிடம் மாதம் ஒருமுறை கொண்டுபோகிறோம்.