ரப்பர் கருகும் வாடையும் எங்கள் பாளையங்கோட்டை ஷெட்டும்

ஆனித் தேருக்காக மூன்று வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தேர், குற்றாலம், சொந்தக்காரர் வீட்டு விருந்து எல்லாம் நல்லபடியாக நடந்தது. நான் எழுத வந்தது காரில் வந்த வாடையைப் பற்றி.

அப்பாவின் கார் 2011 மாடல், சின்ன வண்டி. திருச்செந்தூர் போகும் வழியில், செய்துங்கநல்லூர் தாண்டியதும் ரப்பர் கருகும் வாடை அடித்தது. யாரோ டயர் கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு கிலோமீட்டர் போன பிறகும் வாடை கூடவே வந்தது. அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "முருகனை அடுத்த வாரம் பாத்துக்கலாம், வீட்டுக்குத் திருப்புப்பா" என்றாள். ஏசியை அணைத்து, கண்ணாடியை இறக்கிவிட்டு மெதுவாகத் திரும்பினேன். பாளையங்கோட்டை வருவதற்குள் வாடை போய்விட்டது. ஏசியை அணைத்ததால்தான் போனது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மறுநாள் கம்பெனி சர்வீஸ் சென்டர். கண்ணாடிக் கதவு, டோக்கன், காபி, அப்படியே கனடாவில் நான் இருக்கும் மிசிசாகாதான். கவுண்டரில் இருந்த பையன் எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று கேட்டான். வாடை எப்போது வருகிறது என்று கேட்கவில்லை. வண்டி உள்ளே போனது, நான் உள்ளே போகக் கூடாதாம். இரண்டு மணி நேரம் கழித்து, "கிளட்ச் போயிருக்கு சார். செட்டா மாத்தணும், 14,500 ஆகும், மூணு நாள்" என்றான். எப்படித் தெரியும் என்றால், "டெக்னீசியன் ஓட்டிப் பாத்தாரு சார்." எழுதிக் கொடுங்கள் என்றால், "முடிஞ்சதும் பில்லுல வரும்."

எனக்குக் கோபம் வந்தது அங்கேதான். கனடாவில் ஒரு வாடைக்கு வண்டியை விட்டால், பார்ப்பதற்கே 150 டாலர், அதற்கு மேல் 13 சதவீத வரி. ஆனால் செலவு எவ்வளவு என்று முதலிலேயே எழுதிக் கொடுப்பார்கள். எழுதிய தொகைக்கு மேல் 10 சதவீதத்தைத் தாண்டி வாங்கக் கூடாது என்று எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் சட்டமே இருக்கிறது. கதவும் காபியும் வந்த இடத்துக்கு அந்த ஒரு தாள் வந்திருக்க வேண்டாமா? சாவியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

"நம்ம ஷெட்டுக்கே கொண்டு போயேன்" என்றார் அப்பா. நான் காலேஜுக்கு மொபெட் ஓட்டிய காலத்து ஷெட். அதே வேப்பமரம், எண்ணெய் குடித்துக் கறுத்த அதே மண். மெக்கானிக் அண்ணாச்சிக்குத் தலை முழுக்க நரைத்துவிட்டது, என்னை அடையாளம் தெரிந்தது. பானெட்டைத் திறக்கவில்லை. முதலில் கேள்விதான். "மேடு ஏறும்போது வருதா தம்பி, சும்மா போகும்போதேவா? ஏசி போட்டிருந்தீங்களா? கீச்சுன்னு சத்தம் கேட்டுதா?"

ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, நான்கு வீலுக்குப் பக்கத்திலும் புறங்கையைக் காட்டிப் பார்த்தார். பிரேக் பிடித்துக்கொண்டிருந்தால் ஒரு வீல் மட்டும் கொதிக்குமாம். எல்லாம் ஒரே சூடு. குனிந்து, சைலன்ஸரில் பாலித்தீன் பை ஏதும் உருகி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. அப்புறம் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, நாலாவது கியர் போட்டு, கிளட்சை விட்டார். இன்ஜின் சட்டென்று அணைந்தது. "கிளட்ச் போயிருந்தா வண்டி இப்படி நிக்காது, உறுமிக்கிட்டே இருக்கும். இது நல்லாருக்கு."

பானெட்டைத் திறந்து ஏசியைப் போடச் சொன்னார். ரேஸ் கொடுத்ததும் ஒரு கீச்சு. குடிதண்ணீர் பாட்டிலில் இருந்து ஏசி பெல்ட்டின் மேல் சொட்டுச் சொட்டாக விட்டார். கீச்சு இன்னும் கூடியது. "பாத்தீங்களா, வழுக்குது."

இன்ஜின் ஆறியபின் பெல்ட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். உள்பக்கம் கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. அதை இழுத்துப் பிடிக்கும் டென்ஷனர் உருளையை ஒரு விரலால் சுற்றச் சொன்னார். உள்ளே மணல் அரைபடுவது போல் கரகரத்தது. பேரிங் தேய்ந்து பெல்ட் தளர்ந்துவிட்டது. ஏசி போட்டதும் கம்ப்ரஸரை இழுக்க முடியாமல் வழுக்கி, சூடாகிக் கருகியிருக்கிறது. சுற்றிலும் மை அப்பியது போல் கறுப்புத் தூள் வேறு. பானெட்டைத் திறந்தவர் யாராக இருந்தாலும் அந்தத் தூள் கண்ணில் பட்டிருக்கும்.

பையனை ஸ்பேர்ஸ் கடைக்கு அனுப்பினார். பெல்ட் 450, பேரிங் 350, கூலி 400. ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. நான் சேர்த்துக் கொடுத்ததை வாங்கவில்லை. பழைய பெல்ட்டையும் பேரிங்கையும் தினத்தாளில் சுற்றி, "அப்பாகிட்ட காட்டுங்க" என்று கொடுத்தார்.

மிசிசாகாவில் பதினாறு வருடமாக ஒரே இடத்தில்தான் வண்டி விடுகிறேன். என் வண்டியில் கை வைப்பவரின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

ஏசி போட்டுக்கொண்டே திருச்செந்தூர் போய் வந்தோம், வாடை இல்லை. புது பெல்ட் கொஞ்சம் நீளும், 500 கிலோமீட்டர் ஓடியதும் கொண்டுவந்தால் டைட் வைத்துத் தருகிறேன் என்று அண்ணாச்சி சொல்லியிருக்கிறார். அதற்குள் எனக்கு ஃபிளைட். மீட்டர் எண்ணை அப்பா காலண்டரில் குறித்து வைத்திருக்கிறார்.