ஷாக்கை விட ரப்பர்தான் முக்கியம்: பழைய காரின் சஸ்பென்ஷனைப் புதுப்பித்து ஓட்டிய அனுபவம்

பத்து வயது தாண்டிய காருக்கு சஸ்பென்ஷன் வேலை பார்க்கலாமா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் ஷாக் அப்சார்பரைப் பற்றியே கேட்கிறார்கள். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக்கும் ஒன்றாக அமைந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரண்டு பின்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு) கொண்ட சாதாரண ஹேட்ச்பேக்கை முழுசாகப் புதுப்பித்து, புதுசின் மெருகு போகும்வரை ஓட்டிய பிறகு சொல்கிறேன்: கார் தளர்ந்துபோவதில் ஷாக்குக்குப் பங்கு பாதிதான். மீதியெல்லாம் ரப்பர் புஷ், அதாவது சஸ்பென்ஷன் பாகங்கள் பாடியோடு சேரும் இடத்தில் அதிர்வை வாங்கும் ரப்பர் உருளை. அந்தப் புஷ்ஷைப் புதிதாகப் போட்டும், போல்ட்டை முறுக்கும் விதத்தால் சீக்கிரமே கிழித்துவிடுகிற பழக்கம் பட்டறைகளில் சர்வசாதாரணமாக இருக்கிறது. என் கோபமெல்லாம் அதன் மேல்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நான் எதிர்பார்த்தது மெத்தென்ற ஓட்டம். மனசை நிறைத்தது ஸ்டீயரிங். வளைவு முடிந்து பிடியைத் தளர்த்தினால் தானாக நடுவுக்கு வருகிறது. கரடுமுரடான சாலையில் அழுத்திப் பிரேக் பிடித்தால் வண்டி ஒரு பக்கமாக இழுக்காமல் நேராக நிற்கிறது. காரணம் எளிது. சக்கரத்தைக் கீழிருந்து பாடியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ் தளர்ந்திருந்தால் பிரேக் பிடிக்கும்போது சக்கரம் சில மில்லிமீட்டர் பின்னால் நகரும். இடமும் வலமும் ஒரே அளவு நகராது. அந்த வித்தியாசம்தான் கையில் இழுவையாகத் தெரிகிறது. தளர்ச்சி மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுபவருக்கு உறைக்காது. சரியான பிறகுதான் இத்தனை நாள் எதைச் சகித்துக்கொண்டிருந்தோம் என்று புரியும்.

சொகுசு மட்டும் வேண்டும் என்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புது ஷாக் போட்டதும் பெரிய பள்ளங்களில் வண்டி அடங்கி ஓடும். ஆனால் சின்னச் சின்னச் சொரசொரப்புகள் முன்பைவிடக் கூடுதலாகக் கையில் தெரியும். உள்ளே தேய்ந்த ஷாக் எதற்கும் எதிர்ப்புக் காட்டாமல் விட்டுக்கொடுத்ததையே மென்மை என்று பழகியிருப்போம். முதல் சில நூறு கிலோமீட்டருக்கு அந்த விறைப்பு இருக்கும், பிறகு ஓரளவு தணியும்.

எதையும் கழற்றும் முன் டயரைப் பாருங்கள். பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். 2319 என்றால் 2019இன் 23வது வாரம். ஆறேழு வருடம் கடந்த டயரில் ரப்பர் பெரும்பாலும் இறுகியிருக்கும். வார் (சாலையைத் தொடும் வரிப்பள்ளப் பகுதி) நிறைய இருந்தாலும் அதிர்வை வாங்காது. காற்றை வண்டி ஓடாத நேரத்தில், குளிர்ந்த நிலையில் அளந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுக்குக் கொண்டுவாருங்கள். ஷாக்கை மாற்றியும் குதிக்கிறதே என்ற புலம்பல்களில் பல இங்கேயே முடிந்துவிடும்.

அடுத்தது சத்தம். எந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொள்ளாமல் ஷாக்கை மாற்றச் சொல்பவரிடம் வண்டியை விடக் கூடாது. மெதுவாகப் போகும்போது சின்னக் குழிகளில் 'லொட லொட' என்று காய்ந்த சத்தம் வந்தால் வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரைச் சக்கரப் பக்கத்தோடு இணைக்கும் லிங்க் ராடு மேல்தான் முதல் சந்தேகம். இதை உறுதிசெய்ய ஒரு நல்ல வழி இருக்கிறது. இரண்டு முன்சக்கரமும் ஒரே நேரத்தில் ஏறும்படி வேகத்தடையை நேராகக் கடந்து பாருங்கள். பிறகு ஒரு சக்கரம் மட்டும் ஏறும்படி ஒரு மேட்டின் ஓரமாகப் போங்கள். இரண்டும் சேர்ந்து ஏறினால் ஸ்டெபிலைசர் பார் முறுக்கேறாது, லிங்க்கில் சுமை விழாது. ஒற்றைச் சக்கரத்தில் மட்டும் சத்தம் கிளம்பினால் லிங்க் அல்லது பாரைப் பிடித்திருக்கும் டி-புஷ். இன்னும் சந்தேகமென்றால் இரண்டு லிங்க்கையும் கழற்றி, தொங்கும் பார் எதிலும் உரசாதபடி கட்டிவைத்து, ஆளில்லாத சாலையில் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். வளைவில் வண்டி அதிகம் சாயும் என்பதால் வேகம் கூடாது.

நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் 'டொயிங்' என்று துள்ளினால் ஸ்ட்ரட்டின் உச்சியில் அது சுழல உதவும் மவுண்ட் பேரிங் இறுகியிருக்கிறது. ஒருவர் திருப்ப, இன்னொருவர் ஸ்பிரிங் மேல் விரலை லேசாக வைத்தால் அது சீராகச் சுற்றாமல் தேங்கித் தேங்கிக் குதிப்பது தெரியும். சுருள்களுக்கு நடுவில் விரலை நுழைக்க வேண்டாம். ரிவர்ஸிலிருந்து முதல் கியருக்கு மாறிக் கிளம்பும்போதும், பிரேக் பிடித்து விடும்போதும் ஒரேயொரு கனத்த 'டக்' கேட்டால் லோயர் ஆர்மின் பின்புஷ். லோயர் ஆர்மை நக்கிளோடு (சக்கரத்தைத் தாங்கும் உலோகப் பாகம்) இணைக்கும் பால் ஜாயிண்ட்டைச் சோதிக்க, மெக்ஃபெர்சன் அமைப்பில் பாடிக்கு அடியில் ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தைத் தொங்கவிட வேண்டும். ஆர்முக்கு அடியில் ஜாக்கி வைத்தால் ஜாயிண்ட் அழுந்தி, இருக்கிற ஆட்டமும் மறைந்துவிடும். சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி, கூடவே ஆர்முக்கும் நக்கிளுக்கும் நடுவில் கடப்பாரையால் மெல்ல நெம்பிப் பாருங்கள். இடமும் வலமுமாக ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடு எண்டு அல்லது ரேக் எண்டு.

ஷாக்கைப் பற்றி. பானட்டை அமுக்கி விட்டுப் பார்க்கும் சோதனை முழுசாகச் செத்த ஷாக்கைத்தான் காட்டிக்கொடுக்கும். பாதி தேய்ந்தது அதில் தேறிவிடும். டயர் நம்பகமான சாட்சி. உள்ளங்கையை வார் மேல் சுற்றுவட்டமாக ஓட்டினால் விட்டு விட்டு மேடும் குழியுமாகத் தட்டுப்பட்டால், அந்தச் சக்கரம் சாலையில் ஒட்டாமல் குதித்து ஓடியிருக்க வாய்ப்பு அதிகம். பேலன்சிங் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டால் மிச்சமிருப்பது ஷாக். மேல் சீலைச் சுற்றிச் சற்றே ஈரம் படிந்து தூசி ஒட்டியிருப்பது சகஜம், அதற்காக மாற்ற வேண்டாம். எண்ணெய் வழிந்து கீழ்ப்பாதிவரை இறங்கியிருந்தால் தள்ளிப்போடாமல் மாற்றுங்கள். மாற்றினால் இடம் வலம் ஜோடியாகத்தான்.

ஸ்பிரிங் பாவம். அதைத் தேவையில்லாமல் மாற்றிவிடுகிறார்கள். சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை நான்கு மூலையிலும் அளந்து பாருங்கள். இடத்துக்கும் வலத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லாமல், சர்வீஸ் மேனுவல் சொல்லும் உயரத்தில் நின்றால் போதும். கீழ்ச்சுருளின் நுனி துருவால் ஒடிந்திருக்கிறதா என்பதை மட்டும் டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டுக்குள் ஒளிந்திருப்பதால் ஒடிந்ததே தெரியாமல் ஓடுகிற வண்டிகள் உண்டு.

வேலையை ஆரம்பிக்கலாமா என்பதை முடிவுசெய்ய வேண்டிய இடம் பாடி. ஸ்ட்ரட் டவரின் மேல்தகடு, லோயர் ஆர்ம் சப்ஃபிரேமில் (முன்பக்க அடிச்சட்டம்) சேரும் பிராக்கெட், பின்பீம் பாடியோடு சேரும் இடம், இந்த மூன்றிலும் துரு தகட்டைத் தின்றிருந்தால் எவ்வளவு நல்ல பாகம் போட்டும் பிரயோஜனம் இல்லை. இங்கே சுத்தமாக இருந்து, இன்னும் சில வருடம் இதே காரில்தான் என்ற எண்ணமும் இருந்தால் தாராளமாகச் செய்யலாம். விற்கும்போது இந்தச் செலவு திரும்பி வராது. அந்தக் கணக்கு வேறு, ஓட்டுகிற கணக்கு வேறு.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன்.

லோயர் ஆர்மின் முன்புஷ் எப்படி வேலை செய்கிறது என்று பாருங்கள். வெளியே ஓர் உலோகக் கூடு, உள்ளே ஓர் இரும்புக் குழாய், இரண்டுக்கும் நடுவில் இரண்டிலும் ஒட்டவைத்த ரப்பர். போல்ட்டை முறுக்கியதும் உள்குழாய் பிராக்கெட்டோடு இறுகிவிடும், அதன்பின் சுழலாது. ஆர்ம் மேலும் கீழும் போகும்போது ரப்பர்தான் முறுக்கிக்கொண்டு விடுகிறது. ஆகவே வண்டி தரையில் நிற்கும் உயரத்தில் ரப்பர் முறுக்கில்லாமல் இருந்தாக வேண்டும். பட்டறையில் நடப்பது என்ன? வண்டி லிஃப்ட்டில் தொங்குகிறது, சக்கரம் முழுசாகக் கீழே இறங்கியிருக்கிறது, அப்படியே இம்பாக்ட் கன்னை வைத்து 'டர்ர்' என்று இறுக்கிவிடுகிறார்கள். ஆர்மின் நீளம் 350 மி.மீ., சக்கரம் 90 மி.மீ. இறங்கித் தொங்குகிறது என்று வைத்தால் கோணம் ஏறத்தாழ 15 டிகிரி. வண்டியைத் தரையில் இறக்கிய அந்த நொடியிலிருந்து ரப்பர் 15 டிகிரி முறுக்கிலேயே கிடக்கிறது. நிறுத்தி வைத்திருக்கும்போதும் அதற்கு ஓய்வில்லை. பள்ளத்தில் சக்கரம் மேலேறும்போது முறுக்கு இன்னும் கூடும். பல வருடம் தாங்க வேண்டிய ரப்பர் சில மாதத்தில் விளிம்பில் கீறல் விட்டு, உள்குழாயை விட்டுப் பிரிகிறது. பிறகு பாகம் போலி, கம்பெனி சரியில்லை, சாலை மோசம் என்று பழி எங்கெங்கோ போகிறது. பாகத்தின் மேல் குற்றமே இல்லை. ஐந்து நிமிட வேலையைத் தவிர்த்தவர் மேல்தான் குற்றம்.

அந்த ஐந்து நிமிடம் இதுதான். வண்டியைத் தூக்கும் முன் சக்கர மையத்திலிருந்து ஃபெண்டர் விளிம்புவரை உள்ள அளவைக் குறித்துவையுங்கள். ஆர்மை மாட்டும்போது போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி விடுங்கள். கடைசியில் பால் ஜாயிண்ட்டுக்கு நேர் கீழே ஜாக்கி கொடுத்து, குறித்த அளவு வரும்வரை நக்கிளை உயர்த்தி, அதன்பின் முறுக்கு விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால் மேனுவல் சொல்லும் அளவுக்கு முறுக்குங்கள். ஜாக்கி தூக்கும்போது வண்டி ஸ்டாண்டிலிருந்து எழும்பினால் உடனே நிறுத்திவிட வேண்டும். இதைவிடப் பத்திரமான இடம் வீல் அலைன்மெண்ட் மேடை. அங்கே நான்கு சக்கரமும் சுமையோடு நிற்கும், அடியிலும் ஆள் போக இடமிருக்கும். போல்ட்டைத் தளர்த்தி, வண்டியை இரண்டு முறை அமுக்கி விட்டு, முறுக்கி, அதன்பிறகு அலைன்மெண்ட் பார்க்கலாம். பின்பீம் புஷ்ஷுக்கும் இதே விதி. ஆர்மின் பின்புஷ் செங்குத்தாக நிற்கும் வடிவமைப்பில் பாதிப்பு குறைவு. டி-புஷ், பால் ஜாயிண்ட், லிங்க் ராடு இவற்றுக்கு இது பொருந்தாது.

தப்பாக முறுக்கப்பட்டதைக் கண்டுபிடிக்க ஓர் அடையாளம், வேலை முடிந்த வண்டி வழக்கத்தைவிட உயரமாக நிற்பது. முறுக்கேறிய புஷ் தானும் ஒரு ஸ்பிரிங் போல ஆர்மைக் கீழே தள்ளுகிறது. புது ஷாக் போட்டதால் தூக்கியிருக்கிறது என்று சொல்வார்கள். வாயு அடைத்த ஷாக் கொஞ்சம் தூக்கும் என்பது உண்மைதான், ஆகவே புஷ்ஷை மட்டும் மாற்றிய வண்டியில் இந்தச் சமாதானத்தை ஏற்காதீர்கள்.

ஸ்ட்ரட்டைப் பிரிப்பது என்றால் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அழுந்தும்போது இடியைத் தாங்கும் மெத்தை), டஸ்ட் கவர் நான்கையும் சேர்த்தே மாற்றுங்கள். கழற்றும் கூலி ஒன்றுதான். பம்ப் ஸ்டாப் பொடிந்திருந்தால் புது ஷாக் பள்ளத்தில் இரும்போடு இரும்பாக இடிபடும். புது ஷாக்கை நேராக நிறுத்தி நாலைந்து முறை முழுசாக அமுக்கி இழுத்தபிறகு மாட்ட வேண்டும், படுக்கவைத்திருந்தபோது எண்ணெய்க்குள் நுழைந்த வாயு அப்போதுதான் வெளியேறும். ஸ்பிரிங்கை இரண்டு எதிரெதிர்ப் பக்கங்களில் கம்பிரஸர் போட்டு, மாற்றி மாற்றிச் சிறிது சிறிதாக இறுக்கி, மேல்மவுண்ட் கையால் சுழலும் அளவுக்குத் தளர்ந்த பிறகே நடுநட்டைத் தொட வேண்டும். அவசரப்பட்டால் உயிருக்கே ஆபத்து. ராடு கூடவே சுற்றுகிறது என்று மினுமினுக்கும் தண்டை பிளையரால் பிடித்தால் அந்தக் கீறல் சீலை அறுத்துவிடும். ராடின் உச்சியில் ஆலன் கீ போட இடம் இருக்கும், அதைப் பயன்படுத்துங்கள். நக்கிளை வெளிப்பக்கமாகத் தொங்கவிட்டால் டிரைவ் ஷாஃப்ட்டின் உள்ஜாயிண்ட் விலகும், பிரேக் ஹோஸும் இழுபடும், கம்பியால் கட்டிவையுங்கள். கேம்பர் போல்ட் (சக்கரத்தின் சாய்வைச் சரிசெய்யும் போல்ட்) இருந்தால் பழைய இடத்தைப் பெயிண்ட்டால் குறித்துக்கொள்வது நல்லது. எப்படியானாலும் அலைன்மெண்ட் கட்டாயம்.

பாகத் தேர்வில் ஒன்றே ஒன்று சொல்வேன். லோயர் ஆர்மில் துரு இல்லை, பால் ஜாயிண்ட்டும் நன்றாக இருக்கிறது என்றால், தரம் தெரியாத முழு ஆர்மை வாங்குவதைவிட அசல் புஷ்ஷை வாங்கி பழைய ஆர்மில் பிரஸ் அடிப்பது மேல். ரப்பரில் உள்ள காலி இடைவெளிகள் பழைய புஷ்ஷில் எந்தத் திசையில் இருந்தனவோ அதே திசையில் வர வேண்டும். சுலபமாக உள்ளே போகட்டும் என்று சாதாரண கிரீஸ் தடவினால் ரப்பர் ஊறிப்போகும். சோப்புத் தண்ணீர் போதும். பாலியூரித்தேன் புஷ்ஷை தினசரி ஓட்டும் காருக்குப் பரிந்துரைக்க மாட்டேன். அதிர்வும் சேரும், 'கீச்' சத்தமும் சேரும்.

இவ்வளவு பாராட்டிய பிறகும், இப்போது யாராவது கேட்டால் என் பதில் முழுப் புதுப்பிப்பு இல்லை. லிங்க் ராடும் டி-புஷ்ஷும் மாற்றுங்கள், ஒழுகினால் ஷாக்கை மாற்றுங்கள், அதோடு நிறுத்துங்கள். லோயர் ஆர்ம் போல்ட்டை வண்டி தரையில் நிற்கும் உயரத்தில்தான் முறுக்குவேன் என்று கேட்காமலே சொல்கிற மெக்கானிக் கிடைக்கும்வரை, சற்றே தளர்ந்த அசல் புஷ் அப்படியே இருக்கட்டும். தப்பாக முறுக்கிய புதுசைவிட அது அதிக நாள் உழைக்கும். பால் ஜாயிண்ட்டில் ஆட்டம் இருந்தாலோ ரப்பர் முழுசாகப் பிரிந்திருந்தாலோ மட்டும் காத்திருக்க முடியாது. அப்போது பட்டறையில் கூடவே நின்று, கடைசி முறுக்கு முடிந்ததும் போல்ட் தலையிலிருந்து பிராக்கெட் வரை பெயிண்ட்டால் ஒரு கோடு போடச் சொல்லிவிட்டு வண்டியை எடுங்கள்.