வேலூரில் கார் ஆடியோவுக்கு வயரிங் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கை இன்னும் நடுங்குகிறது. நேற்று ராத்திரி ஆம்பூர் போகும் வழியில், பள்ளிகொண்டா டோல் தாண்டியதும் பானட்டிலிருந்து புகை. பின் சீட்டில் மனைவியும் மூன்று வயது மகளும். ஓரம்கட்டி, பேட்டரி மைனஸைப் பிடுங்கி எறிந்ததால் தப்பித்தோம். இந்த வயரிங்குக்குத்தான் பத்து நாள் முன்னால் 38,500 ரூபாய் கொடுத்தேன்.

கடைப் பெயரை எழுதவில்லை. சத்துவாச்சாரி பக்கம் ஒரு கார் ஆக்சஸரீஸ் கடை, அவ்வளவுதான். வேலை கொடுக்கும் முன் என்னவெல்லாம் பார்க்க வேண்டும் என்று கடைசியில் எழுதுகிறேன்.

என் வண்டியில் பாட்டுச் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப், 1000 வாட்ஸ் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரும் பவர்). பேஸ் விழும்போதெல்லாம் ஹெட்லைட் மங்கும். கடைக்காரர் மீட்டர் வைத்து, "பாரு தம்பி, 11.8 வோல்ட்டுக்கு இறங்குது. இந்த ஆம்ப் 90 ஆம்பியர் கேக்கும், உன் ஆல்டர்னேட்டர் எங்க தரும்?" என்றார். ஆல்டர்னேட்டர் என்றால் இஞ்சின் ஓடும்போது கரண்ட் தயாரிக்கும் பாகம். அவர் சொன்னது உண்மை. அந்த ஒரு உண்மையைச் சொன்னதால்தான் மற்றதையெல்லாம் நம்பினேன். பெரிய ஆல்டர்னேட்டர், சுத்தக் காப்பரில் தடிமனான ஜீரோ கேஜ் வயர், ஏஜிஎம் வகை பேட்டரி, மொத்தம் 38,500. டீ வாங்கிக் கொடுத்தார். பில் கேட்டேன். "நமக்குள்ள எதுக்கு தம்பி பில்லு?" என்றார். அங்கேயே ஜிபே பண்ணிவிட்டேன்.

இன்று காலை காட்பாடி எலக்ட்ரீசியன் வயரை வெட்டிக் காட்டினார். உள்ளே வெள்ளை வெளேர் என்று அலுமினியம், மேலே மட்டும் காப்பர் பூச்சு. இஞ்சின் அறையில் தகரத்தில் உரசி ஷார்ட் ஆகியிருக்கிறது. ஃப்யூஸ் டிக்கியில் ஆம்ப் பக்கத்தில் இருக்கிறது! அங்கே இருந்தால் பேட்டரியிலிருந்து டிக்கி வரை வரும் வயரை எப்படிக் காப்பாற்றும்? பேட்டரி பக்கம் ஒன்றுமே இல்லை. ஆல்டர்னேட்டர் என் பழையதேதான், துடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள்.

ராத்திரி ரோட்டிலிருந்து கூப்பிட்டபோது, "காலையில பேசலாம்" என்றார். காலையில், "வேலூர் வெயிலுக்கு வயர் உருகத்தான் செய்யும்." புகை வந்தது ராத்திரி ஒன்பது மணிக்கு! அப்புறம், "போட்ட பையன் ஊருக்குப் போயிருக்கான், திங்கக்கிழமை வாங்க." மதியம் நேரிலேயே போய் நின்றேன். தலையைக்கூடத் தூக்காமல், "பில் இருக்கா?" என்று கேட்டார். பில் எதற்கு என்று சொன்ன அதே வாய். தம்பி எல்லாம் போய், "சார், வேற கஸ்டமர் நிக்கறாங்க" என்கிறார். 38,500 ரூபாய், எனக்கு ஒன்றரை மாதச் சம்பளம்.

சரி, சொன்னபடி. வயர் நுனியைச் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் வாங்காதீர்கள். மெயின் ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒன்றரை அடிக்குள் இருக்க வேண்டும். கழற்றிய பழைய ஆல்டர்னேட்டரைக் கையில் கேட்டு வாங்குங்கள். பில் இல்லாமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். இன்னும் எழுத நினைத்தேன், இப்போது முடியவில்லை.

ஜிபே ரசீதும் வெட்டிய வயரும் என்னிடம் இருக்கின்றன. நாளைக் காலை 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிகிறேன். வண்டி இன்னும் காட்பாடியில்தான் நிற்கிறது.