குதிரைகளுக்கு ஆயில் பெயின்ட்: பல வருடப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஏழாண்டுப் போர்க்கால (1756–1763) பிரஷ்யக் (அன்றைய ஜெர்மானிய அரசு) குதிரைப்படையின் 28 மி.மீ. அளவுச் சிறு பொம்மைகளுக்குப் பல வருடங்களாக வண்ணம் தீட்டி வருகிறேன். வீரனின் சீருடைக்கு அக்ரிலிக், குதிரைக்கு ஆயில் பெயின்ட். இந்த முறையை இனி விடுவதாக இல்லை. இவற்றை வைத்து ஆடும் போர் விளையாட்டு மேசையில் முதலில் கண்ணில் படுவது குதிரைதான். அது உயிரோடு தெரிந்தால், சீருடையில் சின்னக் குறை இருந்தாலும் யாரும் கவனிப்பதில்லை.

பிரைமருக்கு (பெயின்ட் பிடிக்க முதலில் பூசும் அடிப்பூச்சு) மேல் ஆரஞ்சு கலந்த பழுப்பு அக்ரிலிக். அது நன்றாகக் காய்ந்ததும், பர்ன்ட் அம்பர் (கரும்பழுப்பு) ஆயிலை உடல் முழுக்க மெல்லிசாகப் பூசி, மயிர் படியும் திசையிலேயே உலர்ந்த ஸ்பாஞ்சால் துடைத்துவிடுவேன். தசை மேடுகளில் அடிநிறம் எட்டிப்பார்க்கும். பள்ளங்களில் அம்பர் தங்கிவிடும். அக்ரிலிக்கில் எத்தனை அடுக்கு போட்டாலும் இந்த மினுமினுப்பு எனக்குக் கிடைத்ததில்லை. அடிநிறத்தைக் கொஞ்சம் மாற்றினால் போதும், ஒரே ட்யூபில் வரிசைக்குள் பல நிறக் குதிரைகள் வந்துவிடும்.

பே நிறக் (பழுப்பு உடல்) குதிரைக்குப் பிடரி, வால், கால்களின் கீழ்ப்பகுதி எல்லாம் கறுப்பு. செஸ்ட்நட் (செம்பழுப்பு) குதிரைக்குக் கால் கறுக்காது. கால் வெள்ளையாக இருந்தால் குளம்பையும் வெளிறவிட வேண்டும்.

1757 நவம்பர் 5 அன்று ரோஸ்பாக் போரில் பிரஷ்யக் குதிரைப்படைத் தளபதி சைட்லிட்ஸ் 38 ஸ்குவாட்ரன்களோடு (குதிரைப்படைப் பிரிவுகள்) பாய்ந்தாரே, அதை மேசையில் கொண்டுவர ஆசைப்படுபவர்களுக்கு இந்த முறை வரம். கியூராசியர்களின் (மார்புக் கவசமணிந்த கனரகக் குதிரைவீரர்கள்) குதிரைகளுக்குக் கரும்பழுப்பும் கறுப்பும்தான் அதிகம் வேண்டும். ஒரே அமர்வில் ஒரு ஸ்குவாட்ரன் குதிரைகளையும் துடைத்து முடித்துவிடலாம். டிராகூன்களின் (இன்னொரு வகைக் குதிரைவீரர்கள்) வெளிர்நீலக் கோட்டு செம்பழுப்புக் குதிரைமேல் எடுப்பாகத் தெரிவது தனி அழகு.

பொறுமை இல்லாதவர்களுக்கு இது சரிவராது. ஆயில் காற்றோடு வினைபுரிந்து இறுகுவது, தண்ணீர்போல ஆவியாகி உலர்வதல்ல. அம்பரில் மாங்கனீசு இருப்பதால் சில நாளில் தொட முடிகிறது. ஐவரி பிளாக் என்ற கறுப்பும் டைட்டானியம் வெள்ளையும் இழுத்தடிக்கும். கையில் ஒட்டாத வரை சேணத்தையோ கடிவாளத்தையோ தொடாதீர்கள். வார்னிஷுக்கு இன்னும் கூடுதலாகக் காத்திருங்கள். ஆயிலை இளக்கும் டர்பன்டைனின் வாசனைக்கு ஜன்னல் திறந்திருப்பது அவசியம்.

எக்காளக்காரர்களின் வெள்ளை, சாம்பல் குதிரைகளுக்கு மட்டும் நான் அக்ரிலிக்கையே பயன்படுத்துகிறேன். அம்பர் வெள்ளையில் அழுக்குப்போலத் தெரிகிறது.

புதிதாகத் தொடங்குபவர்கள் முழு செட் வாங்க வேண்டாம். பர்ன்ட் அம்பர், ஐவரி பிளாக் இரண்டிலும் சிறிய ட்யூப் போதும், தரமானதாகப் பார்த்து வாங்குங்கள். ஒரு குதிரைக்குச் செலவாவது துளியூண்டு பெயின்ட்தான்.