கழட்டுறது யாரும் கழட்டலாம், திரும்ப மாட்டுறதுல எந்த குட்டி பிஸ்டல் நல்லது?

அமெரிக்கால குட்டி பிஸ்டல் வாங்கப் போறவங்க எத்தனை ரவுண்டு (தோட்டா) போகும், இடுப்புல வச்சா சட்டைக்கு மேல தெரியுமா, ட்ரிகர் எப்படின்னு நிறைய கேக்குறாங்க, துடைச்சு முடிச்சப்புறம் திரும்ப மாட்டுறது எப்படி இருக்கும்னு கேக்குறவங்க ரொம்ப கம்மி. ஆனா ரேஞ்சுக்கு (சுட்டுப் பழகுற இடம்) போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் வீட்டு டேபிள்ல பண்ணப் போறது இந்த வேலையத்தான். நான் முக்கியமா பாக்குறது ஒண்ணு, தப்பா மாட்டினா அது அங்கயே தெரியணும், மாட்டுறப்பவே சிக்கணும், தெரியாம போயிடக்கூடாது.

முதல்ல கிளாக் 19. 1988ல வந்தது, 15 ரவுண்டு பிடிக்கற மேகசின் (தோட்டா அடுக்கற பெட்டி). கழட்டினா ஸ்லைடு (முன்னும் பின்னும் நகர்ற மேல்பாகம்), பேரல் (குழல்), ஸ்பிரிங், ஃப்ரேம் (கைப்பிடியோட கீழ்பாகம்)னு நாலே உருப்படி. ஸ்லைட கவுத்து வச்சு பேரல போட்டு, ஸ்பிரிங்க லேசா அமுக்கி அதோட பின்முனைய பேரல் அடியில இருக்கற அரைவட்ட வெட்டுல உக்கார வைக்கணும், அப்புறம் ஸ்லைட ஃப்ரேம்ல ஏத்தி பின்னால இழுத்து விட்டா தானா பூட்டிக்கும், ஒரு லீவரையும் தொட வேண்டாம். இதுல வர்ற தப்பு பெரும்பாலும் அந்த ஸ்பிரிங்தான், வெட்டுல சரியா உக்காராம ஒரு படி தள்ளி நின்னா கோணலா தெரியும், அதனால ஸ்லைட ஏத்துறதுக்கு முன்னாடி பக்கவாட்டுல ஒரு தடவை பாத்துக்கணும். ஏத்தும்போது சிக்கினா தட்டாதீங்க, கழட்டி மறுபடி பாருங்க. மாட்டுறதுக்கு இத விட சுலபமானத நான் பாத்ததில்ல. குறை கழட்டுறதுல இருக்கு, ட்ரிகர அமுக்கினாதான் ஸ்லைடு வெளிய வரும். சேம்பர்ல (பேரலோட பின்முனைல தோட்டா உக்காருற இடம்) ரவுண்டு இருக்கறத பாக்காம அமுக்கினா வெடிக்கும், அப்படி வீட்டுக்குள்ளயே வெடிச்ச கதைகள் நிஜமாவே இருக்கு.

அந்த ஒரு காரணத்துக்காகவே சிக் சாவர் பி365 எனக்கு பிடிக்கும். 2018ல வந்தது, 10 ரவுண்டு, கிளாக் 19 விட நல்லாவே சின்னது. இதுல ஸ்லைட பின்னால இழுத்து பூட்டினப்புறம்தான் கழட்டுற லீவர திருப்புவோம், அதனால சேம்பர் கண்ணு முன்னாடி திறந்து நிக்கும், ட்ரிகர தொட வேண்டியதே இல்ல. மாட்டும்போது அப்படியே தலைகீழா, ஸ்லைட ஏத்தி பின்னால பூட்டி லீவர பழைய இடத்துக்கு திருப்பணும், கிளாக்க விட ஒரு வேலை கூட, அவ்வளவுதான். புதுசா கத்துக்கறவங்களுக்கு நான் இதத்தான் சொல்லுவேன்.

ரூகர் எல்சிபி வேற கதை. 2008ல வந்தது, .380 தோட்டா போடறது, பேன்ட் பாக்கெட்லயே போயிடும், ஆனா சின்னதா இருக்கறதுக்கான விலைய மாட்டும்போது குடுக்கணும். ஸ்பிரிங் ரெண்டு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு, கம்பியில சும்மா கோத்து நிக்கறது, கிளாக் மாதிரி கட்டி வச்சது இல்ல. கட்டை விரலால அமுக்கிட்டே பேரல் அடியில செருகணும், விரல் வழுக்குச்சுன்னா பறந்துடும், எனக்கு ஒரு தடவை பறந்து ஃப்ரிட்ஜ் அடியில போய், தேடி எடுக்கறதுக்கு அரை மணி நேரம் ஆச்சு, அன்னையில இருந்து கண்ணாடி போடாம நான் உக்காருறதில்ல. அது முடிஞ்சா டேக்டவுன் பின் (ஸ்லைட பிடிச்சு வைக்கற குட்டி ஆணி), ஸ்லைட இம்மி அளவு பின்னால இழுத்து பிடிச்சாதான் ஓட்டை நேருக்கு வரும், இல்லன்னா எவ்வளவு தள்ளினாலும் போகாது, சுத்தியலால தட்டாதீங்க. கழட்டினதும் அந்த குட்டி ஆணிய தனியா ஒரு மூடியில போட்டு வைங்க, தொலைஞ்சா துப்பாக்கி சும்மா கிடக்கும்.

1911ங்கற பிஸ்டலோட குட்டி மாடல்கள் ரசிக்கறவங்களுக்கு. ஜான் பிரவுனிங் டிசைன், அமெரிக்க ராணுவம் ஏத்துக்கிட்ட வருஷம்தான் பேரே. 3 இஞ்ச் பேரல் வர்ற பலதுல ஸ்பிரிங் அமுங்கின நிலையில கம்பியில இருக்கற ஓட்டைல வளைச்ச பேப்பர் கிளிப்ப செருகி வைக்கணும், மாட்டி முடிஞ்சதும் உருவணும். ஆனா கஷ்டம் ஸ்லைடு ஸ்டாப்புலதான் (ஸ்லைட பிடிச்சு வைக்கற பக்கவாட்டு லீவர்). அதோட தண்டு ஃப்ரேம் ஓட்டை, பேரல் அடியில ஆடுற லிங்க் ஓட்டை ரெண்டுக்குள்ளயும் போகணும், கடைசில அத மேல தூக்கி உள்ள தள்ளும்போது ஒரு சின்ன பிளஞ்சர் (ஸ்பிரிங் தள்ளற குட்டி ஊசி) தடுக்கும், பலமா தள்ளினா ஃப்ரேம்ல வளைஞ்ச ஒரு கோடு விழும். அமெரிக்கால இதுக்கு இடியட் ஸ்கிராட்ச்னே பேரு, பழைய 1911 எத்தனையோ இந்தக் கோட்டோட இருக்கு. ஃப்ரேம்ல ஒரு டேப்ப ஒட்டிட்டு, சின்ன ஸ்க்ரூடிரைவரால பிளஞ்சர உள்ள அமுக்கிட்டே தள்ளினா கோடு விழாது. பொறுமை இல்லாதவங்க இத வாங்காம இருக்கறது நல்லது.

வால்தர் பிபிகே 1931ல வந்தது, இன்னமும் அழகு. பேரல் ஃப்ரேம்லயே நிலையா இருக்கறதால அத மாட்டற வேலையே கிடையாது, ட்ரிகர் கார்ட (ட்ரிகர சுத்தி இருக்கற வளையம்) கீழ இழுத்து ஒரு பக்கமா சாச்சு வச்சுட்டு, ஸ்லைட பேரல் மேல முழுசா பின்னால இழுத்து பின்பக்கத்த அமுக்கி முன்னால விடணும். ஸ்பிரிங்க முனை மாத்தி போடாதீங்க, இறுக்கமான முனைதான் பேரல்ல முதல்ல போகும், இங்கதான் தப்பு உடனே கண்ணுல படாது, எனக்கு பிபிகேல பிடிக்காதது இது ஒண்ணுதான்.

எத மாட்டினாலும் ரவுண்டு எல்லாம் வேற ரூம்ல இருக்கட்டும், சேம்பர கண்ணால பாத்து விரல் விட்டும் பாத்துட்டு, மாட்டினது சரியான்னு சோதிங்க. கிளாக், பி365ல ஸ்லைட இழுத்து விட்டு, பாதுகாப்பான பக்கம் காட்டி ட்ரிகர அமுக்கினா க்ளிக்னு கேக்கணும், அமுக்கினபடியே மறுபடி இழுத்து விட்டு மெதுவா ட்ரிகர விட்டா இன்னொரு க்ளிக் விரல்ல தெரியணும். 1911ல ஹேமர (பின்னால இருக்கற குட்டி சுத்தி) ஏத்தி சேஃப்டி போட்டு ட்ரிகர அமுக்கி பாருங்க, ஹேமர் விழக்கூடாது, அப்புறம் சேஃப்டிய எடுத்துட்டு கைப்பிடி சேஃப்டிய அமுக்காம பிடிச்சு ட்ரிகர அமுக்கினாலும் விழக்கூடாது. விழுந்துச்சுன்னா அன்னைக்கு லோடு பண்ணாம கன்ஸ்மித் (துப்பாக்கி ரிப்பேர் பண்றவர்) கிட்ட கொண்டு போங்க.